‘ப்ரோ, பிடிஎஃப் இருக்கா?’ - புத்தகம் பற்றிப் பேசினாலே வரும் கேள்விக்கு என்னதான் பதில்?

இந்த ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்த புத்தகக் காட்சிக்குப் போயிருந்தேன். 10 சதவீதத் தள்ளுபடி, மிளகாய் பஜ்ஜி, கால்வலி எல்லாம் வழக்கம்போல. வீட்டுக்கு வந்து, வாங்கிய ஆறு புத்தகங்களைக் கட்டில் மேல் அடுக்கி, ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். நாம எல்லாரும் செய்யறதுதான். படிக்கிறதுக்கு முன்னாடியே போட்டோ போட்டுடுவோம்.

பதினொரு பேர் பதில் அனுப்பியிருந்தாங்க. இரண்டு ஹார்ட். ஒருத்தர், ‘இதெல்லாம் எப்போ படிப்ப?’ என்று கேட்டிருந்தார் (நியாயமான கேள்வி). இன்னொருத்தர், அந்த அடுக்கில் மூன்றாவதாக இருந்த நாவல் சுமார்தான் என்று எச்சரித்தார். மீதி ஏழு பேரும் கேட்டது ஒரே கேள்வி: “பிடிஎஃப் இருக்கா?”

கையில் அச்சுப் புத்தகத்தோடு நிற்கிற ஆளிடம் பிடிஎஃப் கேட்பது, ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறவரிடம் பார்சல் கேட்பது மாதிரி. ஆனாலும் கேட்கிறோம். பிடித்த புத்தகங்களின் பட்டியல் போடு, ஒரு எழுத்தாளரின் பிறந்தநாளுக்கு நாலு வரி எழுது, எதைப் போட்டாலும் கீழே இந்தக் கேள்வி வந்து நிற்கும். புத்தகம் படிக்கிறவர்களிடம் ‘உங்களை ரொம்பக் கடுப்பேத்துவது எது?’ என்று கேட்டால், பக்கத்தின் முனையை மடிப்பவர்களுக்கும் இரவல் வாங்கித் திருப்பித் தராதவர்களுக்கும் முன்னால் இப்போது இவர்கள்தான் வருகிறார்கள்.

எனக்கும் கடுப்புதான். ஆனால், கடுப்பாகிப் போய்விட்டால் ஒரு விஷயத்தைத் தவறவிடுவோம். இந்த ஒரே கேள்விக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு கேள்விகள் இருக்கின்றன. ஒன்றுக்கு ‘தாராளமா எடுத்துக்கோங்க’ என்பதுதான் சரியான பதில். இன்னொன்றுக்கு ‘கூடவே கூடாது’. மூன்றாவது கேள்விக்கு வாசகர் பதில் சொல்ல வேண்டியதே இல்லை, பதிப்பகங்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு வாக்குமூலம்

நானும் கேட்ட ஆள்தான். காலேஜில் விஸ்காம் படிக்கும்போது, எங்கள் டிபார்ட்மென்ட்டில் ஒரு பென் டிரைவ் சுற்றிக்கொண்டே இருக்கும். உலக சினிமா ஒரு ஃபோல்டர், தமிழ் இலக்கியம் ஒரு ஃபோல்டர். அதை அப்படியே என் லேப்டாப்பில் இறக்கினேன். அப்புறம் டெலிகிராம் வந்தது. போன வருஷம் லேப்டாப் மாற்றும்போது எண்ணிப் பார்த்தேன்: 312 பிடிஎஃப் இருந்தது. அதில் கடைசிப் பக்கம் வரை படித்தது ஒன்பது.

அந்த ஒன்பது என்ற எண்தான் என்னை உறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய புத்தகம் அலமாரியிலிருந்து நம்மை முறைத்துக்கொண்டே இருக்கும். பிடிஎஃப் முறைக்காது. கேட்கிறோம், அனுப்புகிறார்கள், ‘டேங்க்ஸ் ப்ரோ’ போடுகிறோம், அதோடு அந்தப் புத்தகத்தோடு நமக்கிருந்த உறவு முடிந்தது. கேட்டு வாங்கியதே படித்த மாதிரி ஒரு திருப்தி.

படிக்க முயன்றாலும் அது லேசில்லை. நம் கைக்கு வரும் தமிழ் பிடிஎஃப்களில் பெரும்பகுதி, பக்கத்தை அப்படியே படமெடுத்து ஒட்டியவை. அதில் எழுத்தே கிடையாது, எழுத்தின் போட்டோதான் இருக்கிறது. போன் திரைக்கு ஏற்ப வரிகள் மடங்காது. பெரிதாக்கினால் பாதி வரி வெளியே போகும். இடது வலது என்று இழுத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஒரு சொல்லைத் தேடவும் முடியாது. படமாக இல்லாமல் எழுத்தாக இருக்கும் பழைய கோப்புகள் சில, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்தவை. ஒரு வரியை காப்பி பண்ணி ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். மின்நூல் என்றாலே கண் வலிக்கும் என்று நம்மில் பலர் முடிவு கட்டியதற்கு இந்தக் கோப்புகள்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஒழுங்காகச் செய்த மின்நூலைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

எதையெல்லாம் கூச்சமே இல்லாமல் எடுத்துக்கலாம்?

‘பொன்னியின் செல்வன்’ படம் 2022 செப்டம்பர் 30-ல் வந்தபோது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அலுவலக லிஃப்ட்டில்கூட வந்தியத்தேவன் பற்றித்தான் பேச்சு. ஐந்து பாகங்களின் பிடிஎஃப் ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. என் டீமில் ஒருத்தர் அதை எனக்கு அனுப்பிவிட்டு, “யார்கிட்டயும் சொல்லாத, பைரஸி” என்றார், ஏதோ கடத்தல் சரக்கு மாதிரி.

விஷயம் என்னவென்றால், அது பைரஸியே இல்லை. கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு எப்போதோ நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆக்காமல் விட்டிருந்தாலும் 2015-லிருந்து அவை எல்லாருக்கும் பொது. எப்படி?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. இன்றைய நிலையில் அது சொல்லும் கணக்கு எளிது. எழுத்தாளர் உயிரோடு இருக்கும் காலம் முழுக்க உரிமை அவருக்கு (அல்லது அவர் எழுதிக்கொடுத்தவருக்கு). அவர் மறைந்த பிறகு, அடுத்த ஜனவரி 1 முதல் எண்ணி 60 ஆண்டுகள் அவருடைய வாரிசுகளுக்கு. அதற்கப்புறம் யாரும் அச்சிடலாம், யாரும் பகிரலாம், யாரிடமும் கேட்க வேண்டாம்.

கல்கி மறைந்தது 1954 டிசம்பரில். 60 கூட்டினால் 2014 முடிவு. புதுமைப்பித்தன் மறைந்தது 1948-ல். ஆக 2009 முதல் பொது. பாரதிதாசன் 1964-ல் மறைந்தார். அவருடைய எழுத்துகளும் முன்பே நாட்டுடைமை ஆனவைதான் என்றாலும், சட்டக் கணக்குப்படி பார்த்தாலும் 2025 ஜனவரி 1-லேயே கெடு முடிந்துவிட்டது. எழுத்தாளர் மறைந்த பிறகு முதன்முறையாக வெளியானவற்றுக்குக் கணக்கு வேறு, வெளியான ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். மற்றபடி இந்தக் கூட்டல் போதும்.

இந்த 60-க்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு. முதலில் சட்டத்தில் இருந்தது 50 ஆண்டுகள்தான். தாகூர் மறைந்தது 1941. அவருடைய எழுத்துகளின் உரிமை விஸ்வபாரதி பல்கலைக்கழகத்திடம் இருந்தது. 1991 முடிவில் அது போய்விடும் என்ற நிலை வந்ததும், 1992-ல் சட்டத்தைத் திருத்தி 60 ஆக்கினார்கள். வங்கத்தில் நடந்த இந்த விஷயத்தால், நம் தி.ஜானகிராமன் 2033-ல் பொதுவுக்கு வர வேண்டியவர், இப்போது 2043-ல்தான் வருவார்.

60 ஆண்டு காத்திருக்காமலே பொதுவாக்கும் குறுக்கு வழிதான் நாட்டுடைமை. அரசு வாரிசுகளுக்கு ஒரு பரிவுத்தொகை கொடுத்து உரிமையை வாங்கி, மக்களுக்குத் திறந்துவிடுகிறது. இதைப் பாரதியிலிருந்து தொடங்கிய மாநிலம் நம்முடையது. 1949-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் பாரதியின் உரிமைகளை அன்றைய சென்னை மாகாண அரசு எடுத்துக்கொண்டது. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஏ.வி.மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. அவர் அதைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். இந்த முழுக்கதையையும் வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி ஒரு தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். அதன்பிறகு எத்தனையோ பெயர்கள் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. 2024-ல் கலைஞர் கருணாநிதியின் நூல்கள் சேர்ந்தன, அதுவும் பரிவுத்தொகை இல்லாமல்.

எங்கே கிடைக்கும்? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்களை இலவசமாகவே இறக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் கல்கி வரை, படமாக இல்லாமல் உண்மையான எழுத்தாகவே இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்த கு.கல்யாணசுந்தரம் முன்னெடுக்க, உலகமெங்கும் இருந்த தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தது அது. ஈழத்து நூல்களும் இதழ்களும் வேண்டுமென்றால் நூலகம் திட்டம், 2005-லிருந்து. எழுத்தாளர்களே விரும்பி இலவசமாகக் கொடுத்த புத்தகங்களுக்கு ஃப்ரீ தமிழ் இபுக்ஸ். இத்தனை இருந்தும் நாம் கல்கியை ஏதோ திருட்டு விசிடி மாதிரி பதுங்கிப் பதுங்கி ஃபார்வர்ட் செய்கிறோம்!

ஒரே ஒரு எச்சரிக்கை. மூல நூல் பொது என்பதால் அதன் மேல் வந்ததெல்லாம் பொது ஆகிவிடாது. திருக்குறள் எல்லாருக்கும் சொந்தம். நேற்று ஒருவர் எழுதிய உரை அவருக்குச் சொந்தம். டால்ஸ்டாய் 1910-லேயே மறைந்துவிட்டார்; ஆனால் அவரைத் தமிழில் மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை, தனி 60 ஆண்டு. அதேபோல, ஏதோ ஒரு பெரிய இணையக் காப்பகத்தில் ஒரு ஸ்கேன் இருக்கிறது என்பதாலேயே அது சட்டபூர்வமானது ஆகிவிடாது. அதை ஏற்றியதும் உங்களை என்னை மாதிரி ஒரு ஆள்தான்.

‘அவர்தான் இறந்துட்டாரே?’

இது நான் அதிகம் கேட்ட வாதம். சுஜாதா பிடிஎஃப் அனுப்பும் எல்லாருமே இதைத்தான் சொல்வார்கள். சுஜாதா மறைந்தது 2008-ல். அவருடைய கதைகளுக்கு 2068 முடிவு வரை உரிமையாளர்கள் உண்டு. அசோகமித்திரனுக்கு 2077 வரை. ஜெயகாந்தனுக்கு 2075 வரை. அரசு நாட்டுடைமை ஆக்க முன்வந்தபோது, வேண்டாம், உரிமையை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று மறுத்த குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அப்பா நமக்கு ஒரு வீடு விட்டுப் போனால், அவர் இறந்துவிட்டார் என்பதற்காக யாரும் வந்து அதில் குடியேறுவதில்லையே.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், நம் செக்‌ஷனுக்கு அதுதானே வேலை. தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 63-வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் விட முடியாத வகைக் குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஒரு ஃபார்வர்டுக்காக யார் வீட்டுக்கும் போலீஸ் வரப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் சட்டத்தைச் சொல்லி யாரையும் மாற்ற முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. என்னை மாற்றியது வேறு ஒன்று.

அக்காவின் நாவல்

என் பெரியம்மா பொண்ணு கரூர் பக்கம் இருக்காங்க. (இதை எழுதலாமா என்று கேட்டேன். “ஊர் பேரை மாத்திடு” என்றார்கள். மாத்திட்டேன்.) இரண்டு பிள்ளைகள். வீட்டு வேலை எல்லாம் முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, ராத்திரி பத்தரைக்கு மேல் போனில் கதை டைப் பண்ணுவாங்க. லேப்டாப் கிடையாது. கட்டை விரல் ரெண்டும்தான். குடும்ப நாவல், காதல் நாவல். ஒரு புனைபெயரில் கிண்டிலில் போடுறாங்க. வீட்டில் அண்ணனுக்கு, அதாவது அவங்க வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

இப்படி எழுதுகிற பெண்கள் தமிழில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது இலக்கியப் பக்கங்களை மட்டும் படிப்பவர்களுக்குத் தெரியாது. ரமணிசந்திரன் நாவல்களை வாடகை நூலகத்தில் வரிசையில் நின்று எடுத்துப் படித்த அம்மாக்களின் பெண்கள் இவர்கள். 2016 டிசம்பரில் கிண்டில் தமிழுக்கு வந்த பிறகு, பதிப்பகத்தின் வாசலில் நிற்காமலே புத்தகம் போட வழி கிடைத்தது.

அங்கே வருமானம் எப்படி வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒன்று, புத்தகத்தை யாராவது வாங்கினால் ஒரு பங்கு. இன்னொன்று, மாதச் சந்தா கட்டிய வாசகர் படித்தால், அவர் புரட்டும் ஒவ்வொரு பக்கத்துக்கும் சில பைசா. இந்த இரண்டாவதில்தான் அக்காவுக்குப் பெரும்பகுதி வருகிறது. பக்கம் புரளாவிட்டால் பைசா இல்லை. அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு: அந்த 90 நாள் ஒப்பந்தக் காலத்தில் அந்த மின்நூல் வேறு எங்கும் கிடைக்கக்கூடாது.

முதல் நாவலுக்கு முதல் மாசம் 2,300 ரூபாய் வந்தது. அந்தப் பணத்தில் பையனுக்கு ஸ்கூல் ஷூவும், அவங்களுக்கு ஒரு பவர் பேங்க்கும் வாங்கினாங்க. கரண்ட் போனாலும் எழுதணுமாம்.

மூன்றாவது நாவல் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி ஒரு பிடிஎஃப் அனுப்பினாங்க. “நல்ல கதை கண்ணு, எல்லாரும் படிங்க” என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வேறு. திறந்து பார்த்தேன். யாரோ கிண்டில் செயலியில் பக்கம் பக்கமாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கோர்த்திருக்கிறார்கள். சில பக்கங்களின் மேலே அந்த ஆளுடைய போனின் பேட்டரி அளவுகூடத் தெரிந்தது: 64, 61, 57. உட்கார்ந்து பொறுமையாகச் செய்திருக்கிறார்.

அக்காவுடைய நாவல்.

குழுவில் ஒவ்வொருத்தராகக் கட்டைவிரலைத் தூக்கினார்கள். பெரியம்மா, அதாவது அக்காவுடைய சொந்த அம்மா, மறுநாள் “கடைசியில அழுதுட்டேன்” என்று எழுதினாங்க. அக்காவும் அந்தக் குழுவில் இருக்காங்க. அவங்களால் ‘இது நான் எழுதினது’ என்றும் சொல்ல முடியாது, ‘இப்படி அனுப்பாதீங்க’ என்றும் சொல்ல முடியாது. சொன்னால் புனைபெயர் உடைந்துவிடும்.

ராத்திரி எனக்குப் போன் பண்ணாங்க. கோபப்படுவாங்க என்று நினைத்தேன். இல்லை. “அம்மா அழுதாங்களாம், பாத்தியா?” என்றார்கள் முதலில். சந்தோஷமாகத்தான் சொன்னாங்க. கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா இந்த மாசம் பக்கக் கணக்கு பாதிதான் வந்திருக்கு. கதை பிடிக்கலையோன்னு நெனச்சிட்டு இருந்தேன்.”

எனக்கு என் 312 ஃபைல்கள் ஞாபகம் வந்தன. அதில் எத்தனை பேர், கதை பிடிக்கவில்லையோ என்று நினைத்து எழுதுவதை நிறுத்தியிருப்பார்கள்?

அவர்களிடம் புகார் கொடுக்கச் சொன்னேன். அந்த டெலிகிராம் சேனலில் இருந்து ஒருமுறை எடுத்தார்கள். மறுநாள் இன்னொரு சேனலில் வந்தது. இந்தப் பக்கம், வேறு எங்கும் கிடைக்கக்கூடாது என்ற நிபந்தனை. தான் போடாத காப்பிக்குத் தானே விளக்கம் சொல்ல வேண்டி வருமோ என்று அக்காவுக்கு அது ஒரு தனி பயம். நான்காவது நாவலை எட்டு மாதமாக முடிக்கவில்லை. கேட்டால் பரீட்சை நேரம் என்கிறார்கள்.

(சித்தி இந்தக் கட்டுரையைப் படித்துவிடுவார்களே என்று கவலைப்படாதீர்கள். இது பிடிஎஃபாக வந்தால்தான் படிப்பாங்க.)

அப்போ இரவல் வாங்கினால் மட்டும்?

இதை எழுதப்போகிறேன் என்றதும் டெஸ்க்கில் ஒரு நண்பர் மடக்கினார். “லைப்ரரியில எடுத்துப் படிச்சா மட்டும் எழுத்தாளருக்குக் காசு போகுதா? மூர் மார்க்கெட்ல பழைய புக் வாங்கினா? நீ உன் புக்கை எனக்குக் கொடுத்தா?”

நல்ல கேள்வி. நேரடியாகப் போகாது. ஆனால், அந்தப் பிரதியை யாரோ ஒருமுறை காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அது ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் இருக்க முடியும். நான் உங்களுக்குக் கொடுத்தால் என் அலமாரியில் ஒரு ஓட்டை விழும். பிடிஎஃபை ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும் என்னிடம் எதுவும் குறையாது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. பிரிட்டன் மாதிரி சில நாடுகளில் நூலகத்தில் ஒரு புத்தகம் இரவல் போகும்போதெல்லாம் எழுத்தாளருக்கு ஒரு சிறு தொகை போகும்படி சட்டமே இருக்கிறது. அங்கே 1979-ல் வந்தது. நம்மிடம் அது இல்லை. வேண்டும் என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

இன்னொருவர், “ஃப்ரீயா கொடுத்தாதான் நாலு பேருக்குப் போகும்” என்றார். இதிலும் பாதி உண்மை உண்டு. ஜெயமோகன் ‘வெண்முரசு’ மொத்தத்தையும், 26 நாவல்களை, 2014 முதல் 2020 வரை தினம் ஓர் அத்தியாயமாகத் தன் இணையதளத்தில் இலவசமாகவே வெளியிட்டார். அவை அச்சிலும் புத்தகமாக வந்தன, காசு கொடுத்து வாங்கவும் செய்தார்கள். ஆனால், இலவசம் என்று முடிவெடுத்தது அவர். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்கிறவர் மேல் மட்டும் பழியைப் போட முடியுமா?

முடியாது. என்னிடம் கேட்ட ஏழு பேரில் ஒருத்தர் தென்காசியில் இருக்கும் காலேஜ் ஜூனியர். அவர் கேட்டது ஒரு சிறுகதைத் தொகுப்பு. நான் அதைப் புத்தகக் காட்சியில் ஒரு பழைய புத்தக அடுக்கின் அடியிலிருந்து எடுத்தேன். பதிப்பு தீர்ந்து பல வருஷம் ஆகிறது. மறுபதிப்பு இல்லை. மின்நூல் இல்லை. எழுத்தாளர் உயிரோடு இருக்கிறார். அந்த ஜூனியர் காசு கொடுக்கத் தயார். யாரிடம் கொடுப்பது?

தமிழ்ப் பதிப்பில் ஒரு காலத்தில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அச்சிடுவது வழக்கம். இப்போது தேவைக்கேற்ப நூறு, இருநூறு என்று அச்சிடும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. குறைவாக அச்சிடுவது தப்பில்லை. அந்த வசதியை வைத்தே, ஒரு புத்தகத்தைத் ‘தீர்ந்துவிட்டது’ என்று சொல்லாமலும் இருக்க முடியுமே? ஒருத்தர் கேட்டால் ஒரு பிரதி அடிக்கலாம். அதைச் செய்யும் பதிப்பகங்கள் உண்டு. செய்யாத இடங்களில், கேட்டுப் போனால், “ஜனவரியில வாங்க, ஸ்டால்ல இருக்கலாம்” என்பார்கள். ‘இருக்கலாம்’ என்ற வார்த்தையை நம்பி தென்காசியிலிருந்து ஒருவர் சென்னைக்கு ரயில் ஏற வேண்டுமா?

“மின்நூல் போட்டா திருடிடுவாங்க” என்பது பதிப்பாளர்கள் சொல்லும் இன்னொரு காரணம். ஒரு ஸ்டாலில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவர் என்னிடம் இதையே சொன்னார். அவருடைய புத்தகங்களுக்கு மின்நூல் இல்லை. ஆனால் அவற்றின் ஸ்கேன் பிடிஎஃப் டெலிகிராமில் இருப்பதை அங்கேயே, அவர் முன்னாடியே தேடிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “இந்த அட்டை பழைய அட்டை தம்பி, நாங்க மாத்திட்டோம்” என்றார். அதுதான் அவருக்கு முதலில் பட்டிருக்கிறது! மின்நூல் போடாததால் திருட்டு நிற்கவில்லை. காசு கொடுக்கத் தயாரான ஆளுக்குக் கடை மட்டும் இல்லாமல் போனது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கதை இன்னும் மோசம். 250 ரூபாய் புத்தகத்துக்கு அதைவிடப் பல மடங்கு தபால் செலவு. டொரண்டோவில் இருக்கும் ஒருவர் பிடிஎஃப் கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. ஒரு மின்நூல் இருந்திருந்தால் அவர் வாங்கியிருப்பார் என்றுதான் தோன்றும்.

நூலகம் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் நாம் மறந்துவிட்டோம். சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் வந்தது இங்கேதான், 1948-ல். சொத்துவரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். உறுப்பினர் கட்டணம் ஒரு பிரியாணி விலைகூட வராது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பிரமாண்டமாக நிற்கின்றன, போட்டோ எடுக்கவாவது போகிறோம். தெருமுனைக் கிளை நூலகத்துக்கு நான் கடைசியாகப் போனது பத்தாம் வகுப்பில். புது நாவல் அங்கே இருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். போன மாதம் போய்ப் பார்த்தபோது, அந்த ஆறில் இரண்டு அங்கே இருந்தன. நூலகர், “ரெண்டும் இன்னும் யாரும் எடுக்கல, நீங்கதான் முதல்” என்றார். காசு கொடுத்து வாங்கியதை நினைத்து ஒரு நிமிஷம் வயிறு எரிந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அந்த ஏழு பேருக்கு என்ன சொன்னேன்?

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அனுப்பினேன். இரண்டு பேர் கேட்டது புதுமைப்பித்தன் தொகுப்பு. மின்னூலகம், மதுரைத் திட்டம் இரண்டு சுட்டியையும் அனுப்பி, ‘இது உங்க சொத்து, தைரியமா படிங்க’ என்றேன். நான் வாங்கியது பதிப்பாசிரியரின் குறிப்புகளோடு வந்த பதிப்பு, அதை ஸ்கேன் பண்ண மாட்டேன் என்பதையும் சொன்னேன். மூன்று பேர் கேட்டது இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களின் நாவல்கள். ‘கிண்டிலில் இருக்கு, விலை ஒரு காபி, சமோசா அளவுதான்’ என்று சொன்னேன். ஒருத்தர் வாங்கினார். ஒருத்தர் ‘சீன்’ விட்டார். மூன்றாமவர், “ஓவரா பண்ணாத” என்றார். அவருக்கு அக்கா கதையை ஊர் பேர் இல்லாமல் சொன்னேன். பதில் வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் என்னிடம் கேட்கவில்லை. வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

ஆறாவது ஆள், தான் எந்தப் புத்தகத்தைக் கேட்டோம் என்பதையே மறந்துவிட்டிருந்தார்.

தென்காசி ஜூனியருக்கு மட்டும் என் பிரதியையே பார்சல் பண்ணி அனுப்பினேன். படித்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும், பக்கத்தை மடிக்கக் கூடாது, பென்சிலில்கூடக் கோடு போடக் கூடாது என்று மூன்று கண்டிஷன். மார்ச்சில் அனுப்பியது. இன்னும் வரவில்லை. கேட்டால், “ரூம்மேட் படிச்சிட்டு இருக்கான் ப்ரோ, செம்மயா இருக்காம்” என்கிறார்.